சீலிங்கைத் தொடும் மரம்

“அப்பா, அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம எங்க கிளாஸ் புள்ளைங்கள்லாம் வாராங்க. நம்ம கிறிஸ்துமஸ் மரத்தப் பாக்க.”

சாம்பாரில் இட்லியை நனைத்துக்கொண்டிருந்த மரியசெல்வத்தின் கை பாதியில் நின்றது. நிமிர்ந்து ஃபிரிட்ஜின் தலையைப் பார்த்தான். அங்கே மருந்து டப்பாவுக்கும் டார்ச் லைட்டுக்கும் நடுவில், ஒரு சாண் உயரத்தில், பிளாஸ்டிக் மரம் ஒன்று லேசாகச் சாய்ந்து நின்றது. கல்யாணமான வருஷம் வாங்கியது. வருஷத்துக்கு ஒரு முறை அதைத் துடைப்பார்கள். அதுதான் அந்த வீட்டின் கிறிஸ்துமஸ் மரம்.

“அதப் பாக்கவா?”

“அது இல்லப்பா. நம்ம வீட்டு மரம் சீலிங்கத் தொடும்னு சொல்லியிருக்கேன்.”

“எப்பச் சொன்ன?”

“சரண்யா, அவங்க மாமா துபாய்லேருந்து கியர் சைக்கிள் கொண்டாந்தாருன்னு சொன்னப்ப.”

அடுப்படியிலிருந்து அவன் மனைவி அடைக்கலமேரியின் குரல் வந்தது. “அவ சைக்கிளுக்கு நீ ஏன்டி மரத்த வளர்த்த?”

இனியா மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். தட்டையே பார்த்தாள். பிறகு சன்னமாகச் சொன்னாள்: “மரம் இல்லேன்னா நான் பொய்க்காரியாயிருவேன்ப்பா. வருஷம் முடியிற வரைக்கும் அவ பக்கத்துலதான் ஒக்காரணும்.”

மரியசெல்வம் தட்டை ஒதுக்கி வைத்தான். மகள் அழுதிருந்தால் சமாளித்திருப்பான். அவள் அழவில்லை. நியாயம் பேசினாள்.

“மரம் வரும். சீலிங்கத் தொடும்” என்றான்.

“எந்த சீலிங்க?” என்றாள் மேரி.

அவள் கேட்டதில் தப்பில்லை. முதலில் அந்த வீட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

விராலிமலை பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், பழனிச்சாமி வீட்டு மாடி. ஒரு ஹால், ஒரு சமையலறை, வெளியே படிக்கட்டுத் திருப்பத்தில் குளியலறை. ஹாலுக்குள்ளேயே கட்டில், பீரோ, இனியாவின் படிப்பு மேசை, தையல் மெஷின், இரண்டு நாற்காலி, மாதா படம். ஒருவர் பீரோவைத் திறந்தால் இன்னொருவர் கட்டிலில் ஏறிக்கொள்ள வேண்டும். ஆனால் ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். மழைக்கு முன்னால் மயில் கூப்பிடும். குழாயில் நல்ல தண்ணீர். பள்ளிக்கூடம் பக்கம், மாதா கோயிலும் பக்கம். சுற்றிலும் கம்பெனிகள் வந்தபிறகு, இப்படி ஒரு வீடு காலியாகிறது என்று காற்றில் வாடை வந்தாலே ஆள் வந்து நின்றுவிடுவார்கள். மேரி இந்த வீட்டுக்காக மாதாவுக்கு ஒன்பது நாள் நவநாள் ஜெபம் இருந்தவள். “என்னைய இங்கேருந்து எடுக்கறதுன்னா நாலு பேரு தூக்கித்தான் எடுக்கணும்” என்பாள்.

வீட்டுக்காரர் பழனிச்சாமி நல்ல மனிதர். ஆனால் இரண்டு சட்டம் வைத்திருந்தார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. தரையில் மண் வரக் கூடாது. முன்பு குடியிருந்தவர்கள் குரோட்டன்ஸ் தொட்டி வைத்துத் தரையைக் கறையாக்கிவிட்டுப் போன கதையை, வாடகை கொடுக்கப் போகும்போதெல்லாம் சொல்வார். மரியசெல்வம் பதிலுக்கு, குளியலறைக் குழாய் ஒழுகுவதையும் சுவர் சுண்ணாம்பு உதிர்வதையும் சொல்வான். “பாப்பம் தம்பி” என்பார். மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மரியசெல்வம் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். எந்தப் பொருளுக்கும் ஓர் இடம் உண்டு என்று நம்புகிற உத்தியோகம். மறுநாளே டேப்பை எடுத்து ஹாலை அளந்தான்.

“எடம்ங்கறது இல்லாத சாமான் இல்ல மேரி. ஒதுக்காத சாமான்.”

“அப்ப மொதல்ல என்னைய ஒதுக்குங்க. நான்தான் இதுல பெரிய சாமான்.”

சனிக்கிழமை அப்பாவும் மகளும் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போனார்கள். கடைக்காரர் பரணிலிருந்து ஒரு நீளப் பெட்டியை இறக்கி, குடையை விரிப்பதுபோல ஒரு மரத்தை விரித்துக் காட்டினார்.

இனியா அதைச் சுற்றி வந்தாள். “அப்பா, இது பால் பாட்டில் கழுவுற பிரஷ்ஷு மாதிரியே இருக்கு.”

“பாப்பா, இது எக்ஸ்போர்ட் குவாலிட்டி” என்றார் கடைக்காரர், மனம் புண்பட்டு.

“சீலிங்கத் தொடுமாங்க?” என்று கேட்டான் மரியசெல்வம்.

“மேசை மேல வச்சா தொடும். அதுக்கும் தொடலேன்னா மேசையக் கட்டில் மேல வைங்க.”

திரும்பும் வழியில் நெடுஞ்சாலை ஓரத்து நர்சரியில் இறங்கினார்கள். மலையாண்டி என்பவர் தொட்டியில் ஓர் அசல் கிறிஸ்துமஸ் மரம் வைத்திருந்தார். அடுக்கடுக்காக, அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. முழங்கால் உயரம்.

“வருஷத்துக்கு ஓர் அடுக்கு விடும் சார். பொறுமையான மரம்.”

“சீலிங்கத் தொட எவ்வளவு காலமாகும்ண்ணே?”

மலையாண்டி இனியாவை ஏற இறங்கப் பார்த்தார். “பாப்பா கல்யாணத்துக்குள்ள தொட்டுரும்.”

இனியா ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் மரியசெல்வம் அங்கேயே நின்று மீமிசலுக்குப் போன் போட்டான். மேரியின் அண்ணன் ஆரோக்கியதாஸுக்கு அங்கே மீன் வியாபாரம். கடற்கரைப் பக்கம் எங்கே பார்த்தாலும் சவுக்குத் தோப்பு.

“மச்சான், ஒரு சவுக்குக் கன்னு வேணும். ஏழடி இருந்தாப் போதும்.”

“எங்க மருமவளுக்கா? வந்துரும் மாப்ள. நம்ம மீன் வண்டி திருச்சிக்குப் போறப்ப அங்கிட்டு எறக்கச் சொல்றேன்.”

இந்தச் செய்தியை வீட்டில் சொன்னபோதுதான் மேரி வெடித்தாள். பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், இடுப்பில் கை வைத்துத் திரும்பினாள்.

“ஏழடி மரத்த எங்கங்க வைக்கறது? குண்டூசி வைக்க எடமில்ல இந்த வீட்டுல. வேற வீடு பாருங்க! நல்லா விஸ்தாரமா வேற வீடு பாத்துட்டு அப்பறம் பேசுங்க!”

“மெதுவாப் பேசு மேரி.”

“ஏன் மெதுவாப் பேசணும்?”

கீழே பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அழகம்மாளின் சத்தம் சட்டென்று நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாகத் தொடர்ந்தது. அழகம்மாள் பழனிச்சாமியின் மனைவி. வீட்டுச் சட்டங்களில் இரண்டாவதை நிறைவேற்றுவது அவர்தான்.

“கேட்டுருச்சு போல” என்று கிசுகிசுத்தான் மரியசெல்வம். “மரம்னு தெரிஞ்சா விடவே மாட்டாங்க. கமுக்கமா ஏத்தணும். விடியறதுக்கு முன்னாடி ஊரு தூங்கறப்ப ஏத்திருவோம்.”

திட்டத்தில் ஒரே ஒரு தவறு இருந்தது. வண்டி வந்தது மார்கழி பிறந்தபிறகு. மார்கழியில் விடியலுக்கு முன்னால் ஊரில் யாருமே தூங்குவதில்லை. மலைக்கோயில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. தெரு முழுக்க வாசலில் தண்ணீர் தெளித்து, குனிந்த தலை நிமிராமல் பெண்கள் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் மீன் வண்டி நின்றபோது அத்தனை தலையும் நிமிர்ந்தது.

“சீலா மீனுக்கு அடியில இருக்கு சார் மரம்” என்றார் டிரைவர். ஐஸ் பெட்டிகளை நகர்த்தி அவர் இழுக்க இழுக்க, மரம் வந்துகொண்டே இருந்தது. மரியசெல்வம் போனை எடுத்தான்.

“மச்சான், நான் ஏழடியில்ல சொன்னேன்? இது கொடிமரமாட்டம் இருக்கு.”

“தங்கச்சி வீட்டுக்கு அளந்தா அனுப்புவாங்க? அதிகத்த வெட்டிக்க மாப்ள.”

“எந்தப் பக்கம் வெட்டறது?”

“எந்தப் பக்கம் வேணாலும் வெட்டு. சவுக்கு ஒண்ணும் சொல்லாது.”

தெருமுனையில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போடும் சேவுகன் உதவிக்கு வந்தார். இரண்டு பேருமாக அடிமரத்தைக் கொஞ்சம் அறுத்தார்கள். சேவுகன் தன் வண்டியின் மேல் போட்டிருந்த நீலத் தார்ப்பாயை எடுத்து, மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார். முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகத் தூக்கிக்கொண்டு வந்தபோது, வாசலில் கோலத்துக்குப் பூசணிப்பூ வைத்துக்கொண்டிருந்த அழகம்மாள் எழுந்து வழிவிட்டார்.

“என்ன தம்பி இது?”

மரியசெல்வம் குனிந்து தோளில் இருந்ததைப் பார்த்தான். “தார்ப்பாய்ங்கம்மா.”

“சாமான் மூடவா?”

“ஆமாங்க. அதுக்குத்தான்.”

அழகம்மாள் ஒரு பெருமூச்சு விட்டார். “மழ நாளு. மூடி வச்சுக்கறது நல்லதுதான்.” பிறகு மூக்கை உறிஞ்சினார். “என்னமோ மீன் வாடை அடிக்குதே.”

“மார்கழியில எங்கம்மா மீனு?” என்று சேவுகன் நடையை விரைவுபடுத்தினார்.

படிக்கட்டுத் திருப்பத்தில் மரம் திரும்பவில்லை. இங்கிட்டுத் திருப்பினால் நுனி குளியலறைக்குள் போனது. அங்கிட்டுத் திருப்பினால் சேவுகன் குளியலறைக்குள் போனார். கடைசியில் கீழே கொண்டுவந்து, கொடிக் கயிற்றில் கட்டிப் பால்கனி வழியாக இழுத்தார்கள். மேரி மேலிருந்து இழுத்தாள். அவளுக்கு மரத்தின் மேல் கோபம்தான். ஆனால் அண்ணன் அனுப்பிய மரம்.

அடுத்த சிக்கல், மரத்தை எதில் நிறுத்துவது? மணல் வாளி கூடாது, இரண்டாவது சட்டம். மரியசெல்வம் சமையலறையைச் சுற்றிப் பார்த்தான். அவன் கண் கிரைண்டரில் நிலைத்தது.

“அத நெனச்சுக்கூடப் பாக்காதீங்க” என்றாள் மேரி.

கிரைண்டர் பானைக்குள் அடிமரத்தை இறக்கி, சுற்றிக் குழவிக்கற்களை முட்டுக்கொடுத்ததும், மரம் அசையாமல் நின்றது. மண் ஒரு துளி இல்லை. ஞாயிறுவரை வீட்டில் மாவாட்டுவதில்லை என்று முடிவாகியது. மேரி கடையில் மாவுப் பாக்கெட் வாங்கிக்கொண்டு படியேறியதை அழகம்மாள் பார்த்தார். அன்று சாயங்காலமே ஒரு தூக்குவாளி நிறையப் பணியாரம் கொடுத்தனுப்பினார். வாங்கிக்கொள்ளப் போன மேரியிடம், “அடுப்படியெல்லாம் கட்டிப் போட்டுட்டா புள்ள என்ன சாப்புடும்? என்னையக் கேக்கக் கூடாதா?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அழுறாங்கங்க” என்றாள் மேரி, மேலே வந்து.

“கிறிஸ்துமஸ் வந்தாலே ஜனங்களுக்கு மனசு எளகிருது” என்றான் மரியசெல்வம், பணியாரத்தைப் பிட்டுக்கொண்டு.

மரம் மூலையில் நின்றது. நின்றதோடு விட்டதா? கட்டிவைத்த கயிற்றை அவிழ்த்ததும், பெருமூச்சு விட்டதுபோல நாலா பக்கமும் கிளையை விரித்தது. பீரோவின் கதவு திறக்கவில்லை. உள்ளே இனியாவின் யூனிஃபார்ம்.

“பீரோவ எறக்கிருவோம். ஞாயிறு முடிஞ்சதும் ஏத்திக்கலாம்.”

கீழே ஒரு கார் ஷெட் இருந்தது. காரில்லாத ஷெட். சிங்கப்பூரிலிருக்கும் பழனிச்சாமியின் மகன் என்றைக்காவது வாங்கப்போகிற காருக்காகக் கட்டியது. மரியசெல்வம் தயங்கித் தயங்கிப் போய் நின்றான்.

“அய்யா, கொஞ்சம் சாமான ஷெட்டுல வச்சுக்கலாங்களா? மேல எடம் பத்தல.”

பழனிச்சாமி பேப்பரை மடித்தார். “புள்ள வளருதுல்ல. பத்தாமத்தான் போகும்.” எதையோ கேட்க வாயெடுத்தார். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அழகம்மாள் முழங்கையால் அவரை ஓர் இடி இடித்தார். “அவங்களாச் சொல்லட்டும்” என்று அவர் முணுமுணுத்தது மரியசெல்வத்தின் காதில் விழவில்லை என்றே அவர்கள் நினைத்திருப்பார்கள். விழுந்தது. மரத்தைத்தான் சொல்கிறார்கள் என்று அவனுக்கு வியர்த்தது. நன்றி சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டான்.

பீரோ இறங்கியது. கீழ்ப்படிக்கு வந்ததும் பழனிச்சாமியே ஒரு பக்கம் பிடித்தார். அந்த இடத்துக்கு மரத்தைத் தள்ளினால் கட்டிலில் கிளை படுத்துக்கொண்டது. கட்டில் இறங்கியது. கட்டில் போனபின் தையல் மெஷின் மட்டும் தனியாக நின்று எல்லார் காலிலும் இடித்தது. அதுவும் இறங்கியது. மேசையும் நாற்காலிகளும் பின்னாலேயே போயின. சேவுகன் ஒவ்வொரு நடைக்கும், “வீடுன்னா அப்படித்தான் சார், ஒண்ணு கெளம்பினா எல்லாம் கெளம்பும்” என்றார்.

“வண்டி வர்ற வரைக்கும் கெடக்கட்டும் தம்பி, ஒண்ணும் அவசரமில்ல” என்றார் பழனிச்சாமி.

சிங்கப்பூர் மகனின் காரை இன்னும் நம்புகிறாரே என்று மரியசெல்வத்துக்கு அவர் மேல் இரக்கம் வந்தது.

இத்தனை செய்தும், மூலையில் நின்ற மரம் கோணலாகத்தான் தெரிந்தது. சுவர்ப் பக்கத்துக் கிளைகளெல்லாம் முன்னால் தள்ளிக்கொண்டு வந்து, யாரோ முதுகில் குத்தியது போல நின்றது.

“நடுவுல வைங்கப்பா” என்றாள் இனியா.

நடுவில் மின்விசிறி இருந்தது. மரியசெல்வம் மெயினை அணைத்துவிட்டு ஸ்டூலில் ஏறி அதையும் கழற்றினான். கையில் ஃபேனோடு அவன் படியிறங்கியபோது, பழனிச்சாமி வாசலில் நின்றிருந்தார். ஃபேனைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது.

“ஃபேனும் எறங்கிருச்சா?”

“ஆமாங்க.”

மரியசெல்வத்தின் தோளில் கை வைத்தார். “ஏதும் மனசுல வச்சுக்காதீங்க தம்பி. மூணு வருஷமாக் குழாயக் கேட்டுக்கிட்டே இருந்தீங்க. நான்தான் மெத்தனமா இருந்துட்டேன்.”

“அய்யா, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க.”

மறுநாள் காலையில் பிளம்பர் வந்து படித்திருப்பத்துக் குளியலறையில் புதுக்குழாய் மாட்டினார். அதற்கடுத்த நாள் பெயின்டர் வந்து வெளிச் சுவரைத் தட்டிப் பார்த்து, “தை பொறந்ததும் உள்ள வெளிய ரெண்டு கோட்டு அடிச்சிருவோம்” என்று பழனிச்சாமியிடம் சொல்லிவிட்டுப் போனார். மரியசெல்வமும் மேரியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இது புதுமைங்க” என்றாள் மேரி. “நெசமாவே அற்புதம். மாதாதான் அவரு மனசத் திருப்பியிருக்கா.”

“நான் சொல்லல? கிறிஸ்துமஸ்.”

மரத்துக்குத்தான் இன்னும் மனம் திரும்பவில்லை. சனிக்கிழமை காலையில் கதவைத் திறந்தபோது, படிக்கட்டில் மேலிருந்து கீழ்வரை, ரேஷன் கடை வரிசை போல, பூனைகள் உட்கார்ந்திருந்தன. சீலா மீனின் வாசம் அவற்றை அழைத்து வந்திருந்தது. ஒரு கடுவன் பூனை உள்ளே புகுந்து, கிரைண்டர் பானையைச் சுற்றி வந்து, மரத்தைப் பார்த்து உருக்கமாகக் கத்தியது.

“சாம்பிராணி போடுவோம்” என்றான் மரியசெல்வம்.

சாம்பிராணி போட்டார்கள். மீன் வாசமும் சாம்பிராணியும் கலந்து, இரண்டும் தனித்தனியாக இருந்ததைவிட மோசமாயிற்று. பூனைகள் போகவில்லை. தும்மிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

மேரி கடைசியில் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டாள். மஞ்சள் தூளும் எலுமிச்சம்பழமும் கரைத்த தண்ணீரை ஒரு வாளியில் கொண்டுவந்தாள். மீன் கழுவிய கை வாசத்துக்கு அவள் வீட்டில் அதுதான் வைத்தியம். ஒவ்வொரு கிளையாகத் துடைத்தாள்.

“மரத்துக்கு மஞ்சத்தண்ணி ஊத்தியாச்சு” என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. “இனிமே இதுக்கு மாப்பிள்ளை பாக்கறது ஒண்ணுதான் பாக்கி.”

இனியா சிரித்த சிரிப்பில் கடுவன் பூனை ஓடிவிட்டது. வாசமும் போயிற்று. அன்று பூராவும் மூன்று பேரும் ஜிகினாத் தாளும் பருத்திப் பஞ்சும் சின்ன பல்பு மாலையும் கட்டினார்கள். ஃபிரிட்ஜின் மேலிருந்த ஒரு சாண் மரத்தையும் இனியா எடுத்து, பெரிய மரத்தின் மடியில் வைத்தாள். மூன்று பேரும் தரையில் பாய் விரித்து, மரத்தடியில் படுத்தார்கள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்த கொஞ்ச நேரத்தில் படிக்கட்டில் திமுதிமுவென்று சத்தம். இனியா கதவைத் திறந்தாள். முன்னால் சரண்யா. அவளுக்குப் பின்னால் வகுப்பு.

எல்லாரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். மரம் ஹாலை நிரப்பிக்கொண்டு நின்றது. பல்புகள் மினுக்கின. சரண்யா மட்டும் உள்ளே வந்து, தரையில் மல்லாந்து படுத்து, மேலே பார்த்தாள்.

மரியசெல்வம் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

“நுனி வளைஞ்சிருக்குடி” என்றாள் சரண்யா.

“ஆமா. சீலிங்கத் தொட்டுட்டு அதுக்கு மேல போக எடமில்லாமத் திரும்பிருச்சு” என்றாள் இனியா.

சரண்யா யோசித்தாள். எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். “அப்ப நீ சொன்னத விடவும் பெருசா?”

“ஆமா.”

“இது கிட்ட நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கவா?”

மரியசெல்வம் மெல்ல மூச்சு விட்டான். அவனுக்குச் சம்பள உயர்வு வந்தபோதுகூட இப்படி இருந்ததில்லை. சாமான் எதுவும் இல்லாததால் பிள்ளைகள் கைகோத்து மரத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தார்கள். மேரி கேக் தட்டோடு சமையலறை வாசலில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

“இந்த ஹாலு இவ்வளவு பெருசாங்க?”

“நான்தான் சொன்னேனே, எடம்ங்கறது...”

“தெரியும், தெரியும். சாமானயெல்லாம் திரும்ப ஏத்தணுமான்னே இருக்கு.”

அப்போது வாசலில் ஓர் இளம் தம்பதி வந்து நின்றார்கள். பிள்ளையைக் கூட்டிப்போக வந்த அப்பா அம்மா போலிருந்தது.

“வரலாங்களா? நான் ரகுநாத். கம்பெனியில புதுசா சேந்திருக்கேன். பழனிச்சாமி அய்யாதான் மேல போய்ப் பாருங்கன்னாரு.”

மரியசெல்வத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அய்யாவுக்குத் தெரிந்திருக்கிறது! மரம் இருப்பது தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லாதது மட்டுமல்ல, ஊராரையும் பார்க்க அனுப்புகிறார்! கண் கலங்கிவிட்டது.

“வாங்க, வாங்க! பாக்கறதுக்குத்தான வச்சிருக்கோம். தாராளமாப் பாருங்க.”

ரகுநாத் மரத்தை ஒரு முறை வியந்து பார்த்துவிட்டு, சுவரைத் தட்டிப் பார்த்தான். ஜன்னலைத் திறந்து மூடினான். அவன் மனைவி சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, குழாயைத் திருகினாள்.

“தண்ணி எப்படிங்க?”

“தண்ணிக்குக் கொறையே கெடையாதுங்க” என்றான் மரியசெல்வம். சந்தோஷத்தில் அவனுக்கு யாரிடமாவது எதையாவது புகழ வேண்டும் போலிருந்தது. “காத்துக்கும் கொறையில்ல. இந்தப் பக்கம் வாங்க, மலை தெரியுதா? காலையில மயிலு வந்து இந்தச் செவுத்துலதான் ஒக்காரும். வீட்டுக்காரரு மாதிரி ஒரு மனுசரப் பாக்க முடியாது. குழாயக் கேட்டோம், மாத்திட்டாரு. பெயிண்ட்டு தை மாசம் அடிக்கப் போறாரு. விராலிமலையில இப்படி ஒரு வீடு அமைய குடுத்து வச்சிருக்கணுங்க.”

“அப்படியா?” என்று ரகுநாத் மனைவியைப் பார்த்தான். அவள் கண்ணால் சம்மதம் சொன்னாள்.

மேரி அவர்களுக்கும் கேக் கொடுத்தாள். பிள்ளைகளின் பாட்டு உச்சத்தில் இருந்தது. ரகுநாத்தின் மனைவி கேக்கைத் தின்று முடித்து, விரலைத் துடைத்துக்கொண்டு, சவுக்குக் கிளை ஒன்றை ஆசையாகத் தடவிக்கொடுத்தாள்.

“எங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்குங்கக்கா, தை பொறந்ததும் பால் காய்ச்சிர்றோம். இந்த மரம் வீட்டோட சேந்ததா, இல்ல காலி பண்ணிப் போறப்ப இதையும் எடுத்துட்டுப் போயிருவீங்களா?”